ஐந்தாவது குறிச்சொல்

நான்கு துறைக்கும் சேர்த்து ஓர் அறை,
ஒரே ஹீட்டர்.
மானியம் ஒன்றுதான் வந்தது,
ஆகவே ஆய்வும் ஒன்றாயிற்று.
அட்டவணை போடுபவள் நான்.

கோட்டோர் வளைகுடாவில்
காலை ஏழரைக்குக் கப்பல் வந்து நிற்கும்,
ஊரைவிட உயரமாய்.
அதற்குள் வுக்சான்
இருபத்துநான்கு தண்ணீர் பாட்டில்களை முதுகில் கட்டிக்கொண்டு
கோட்டை மலையில் பாதி ஏறியிருப்பார்.

ஆயிரத்து முந்நூற்றைம்பது படி என்கிறது பலகை.
ஒக்னியென் வாத்தியாரின் எட்டாம் வகுப்பு
எண்ணிக்கொண்டே ஏறியது: ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று.
எண்ணிக்கொண்டே இறங்கியது: ஆயிரத்து முந்நூற்று அறுபது.
மூன்றையும் பதிந்து வைத்தேன்.
சராசரி எடுக்க மனம் வரவில்லை.

பேராசிரியர் ரதோய்கா
வுக்சானின் மார்பில் ஒரு பட்டை கட்டினார்.
வயது அறுபத்தொன்று,
உச்சியில் நிமிடத்துக்கு நூற்று அறுபத்தெட்டுத் துடிப்பு,
மூன்றே நிமிடத்தில் தொண்ணூறு.
"இது இளைஞனின் இதயம்" என்றார்,
சொந்தப் பொருளைக் கண்டெடுத்தவர் போல.
பட்டை கட்டிய பயணிகளுக்குப்
பத்து யூரோ பரிசுச் சீட்டு.
உள்ளூர்க்காரருக்கான கட்டத்தில்
'பொருந்தாது' என்று அச்சாகியிருந்தது.

வணிக அறம் பார்க்கும் வுகோட்டாவுக்கு
பாட்டிலின் விலைதான் கவலை.
அடிவாரத்தில் ஒரு யூரோ, உச்சியில் மூன்று.
தாகத்தை விற்பதா, உழைப்பை விற்பதா
என்று மூன்று நாள் வளைகோடு வரைந்தார்.
நான்காம் நாள் தானே ஏறினார்,
பேரம் பேசாமல் இரண்டு பாட்டில் வாங்கினார்.
அந்தச் செலவைப்
பயணப்படியில் சேர்க்கலாமா
என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

எலிசாவெதா கப்பல்களை எண்ணினாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மதில் உள்ளே பிறந்தவர் வுக்சான்.
ஆனாலும் ஏறுவது விற்பதற்கு என்பதால்
தினமும் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்.
இது நியாயமா என்று வகுப்பில் வாக்கெடுப்பு.
இரண்டு வாரம் உரிமையும் கடமையும் நடத்திவிட்டு
நம்பிக்கையோடு பெட்டியைத் திறந்தார் ஒக்னியென்.
வாங்கத்தான் வேண்டும்: பதினான்கு.
வேண்டாம்: ஒன்பது.
ஒரு தாளில் படகு வரைந்திருந்தது.
அந்தப் பதினான்கில் ஒன்று
வுக்சானின் பேத்தி தெசாவுடையதாம்.
வாத்தியார் எதையும் மாற்றச் சொல்லவில்லை.
ஹீட்டர் அருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

பிறகு அந்தப் பதினொரு நிமிடம்.

தினமும், பாதி வழியில்,
வுக்சானின் துடிப்பு எழுபதுக்கு இறங்கிவிடுகிறது.
பட்டை நழுவியது என்றார் ஒருவர்,
வாடிக்கையாளர் பேச்சு என்றார் மற்றவர்.
பிழையென்று நீக்கிவிடு என்றார்கள்.
நீக்கும் முன் ஒருமுறை ஏறிப் பார்த்தேன்,
முழங்கால் இரண்டும் என்னைத் திட்டத் திட்ட.

பூட்டிய சிறு தேவாலயம், அதன் சுவர் நிழல்.
காலணியைக் கழற்றி
வளைகுடா பக்கம் பாதங்களை நீட்டியிருந்தார்.
சுமையிலிருந்து ஒரு பாட்டிலை உருவினார்.
வலப்பையிலிருந்து இரண்டு யூரோ எடுத்து
இடப்பையில் போட்டார்.
பிறகுதான் மூடியைத் திருகினார்.

"ஏன் இரண்டு?" என்றேன்.
"பாதி வழிதானே வந்திருக்கிறேன்" என்றார்.

கட்டுரை நாளை போக வேண்டும்.
குறிச்சொற்கள் ஐந்து கேட்கிறது இதழ்.
உடற்பயிற்சி, வணிக அறம், சுற்றுலா, குடிமைக் கல்வி:
ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
ஹீட்டர் இப்போது எனக்கு மட்டும்.

பதினொரு நிமிடத்தை நீக்கவில்லை.
ஐந்தாவது கட்டத்தில்
'பை' என்று அடித்தேன், அழித்தேன்.
'நிழல்' என்று அடித்தேன், அழித்தேன்.
கடைசியில்
'படி' என்று மட்டும் எழுதி
அனுப்பிவிட்டேன்.