கால் சுற்று

சட்டையை ஆணியில் மாட்டும்போது
பையிலிருந்து உருண்டு கட்டிலடிக்குப் போனது
ஒரு செம்பு வாஷர்.
புதுசு. முகத்தில் தழும்பு இல்லை.

இன்று ஆயில் மாற்றியது இரண்டு வண்டி.
வாங்கியது இரண்டு வாஷர்.
அப்படியானால் ஏதோ ஒன்று
பழையதோடு போயிருக்கிறது,
அல்லது ஒன்றுமே இல்லாமல்.

முத்திருளாண்டிக்கு அடித்தேன்.
ராமேஸ்வரம் சவாரி, பரமக்குடி தாண்டியிருந்தான்.
"நிப்பாட்டி, அடியில ஈரமா பாரு."
"மழைண்ணே. ஊரே ஈரமாத்தான் இருக்கு."
"போல்ட்டுல விரலை வச்சு மோந்து பாரு."
மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"தண்ணிதான்."

மிச்சம் வெள்ளை ஆல்டோ.
என் போனில் அவர் பெயரே அதுதான்.
பழங்காநத்தத்திலிருந்து ஞானஒளிவுபுரம் வரை
நாய்கள் மட்டும்தான் விசாரித்தன.

வாசலோரம் நின்ற காருக்கடியில்
மல்லாந்து நுழைந்தேன்.
போல்ட்டின் நுனியில் ஒரே ஒரு சொட்டு.
விழுவதா வேண்டாமா என்று
இன்னும் தீர்மானிக்காத சொட்டு.

"யாரது?"
இரண்டு ரப்பர் செருப்பு, ஒரு ஒட்டடைக் கம்பு.
"மெக்கானிக் டீச்சர். சந்தனபாண்டி."
காருக்கடியிலிருந்து என் பெயரைச் சொல்வது
அதுதான் முதல் தடவை.

குனிந்து டார்ச் பிடித்தார்.
"இன்னும் கொஞ்சம் இறுக்கினா நிக்காதா?"
நிற்கும். இன்றைக்கு நிற்கும்.
அடுத்த தடவை மரை போய்
வேறு எவனோ என்னைத் திட்டுவான்.
அதையெல்லாம் சொல்லவில்லை.
"நிக்காது" என்றேன்.

துணி ஊறவைக்கும் நீல டப்பை
முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.
மதியம் ஊற்றிய ஆயில்
தேன் நிறத்தில், நூல் அறாமல் இறங்கியது.
பழைய வாஷர் போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
நகத்தால் கிளப்பினேன்.
வளையத்தின் மேல் இன்னொரு வளையம்,
இரண்டு தரம் கடிபட்டிருந்தது.

புதுசைப் போட்டு விரலால் ஏழு சுற்று.
மரை சம்மதிக்கிறதா என்று
விரலுக்குத்தான் தெரியும், ஸ்பேனருக்குத் தெரியாது.
பிறகு இறுக்கம்.
பிறகு ஒரு கால் சுற்று.
கை இன்னும் கொஞ்சம் கேட்கும்.
கொடுக்கக் கூடாது.

டப்பில் இருந்ததைத் திரும்ப ஊற்றிவிட்டு,
பழைய செய்தித்தாள் ஒன்றை அடியில் விரித்துவிட்டு
வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை.

காலை ஆறே காலுக்கு
வெள்ளை ஆல்டோ ஒரு படம் அனுப்பியது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
மணமகள் தேவை பக்கம்.
வயது முப்பத்தொன்று, சொந்த வீடு,
ஜாதகம் அவசியம் என்பதுவரை
எல்லா எழுத்தும் படிக்க முடிந்தது.