ஊர்ப்பெயர் வைத்த பூ

கொழும்பில் ஒரு பூக்கடைக்காரர் சொன்னார்:
இது மட்டக்களப்பு ஓர்க்கிட்.
அப்படியா என்றேன்.
முப்பத்தாறு வருசம் அந்த ஊரில் கிடந்தும்
ஒன்றைக்கூடக் கண்டதில்லை என்று சொல்ல வெட்கம்.

வைகாசி ஞாயிறு. உன்னிச்சைக்குப் போகிற வழி.
றிப்கான் மோட்டார் சைக்கிளை ஓட்ட
பின்னால் இருந்து மரக்கவடுகளைப் பார்த்து வருகிறேன்.
மருதில் இல்லை. பாலையில் இல்லை.
முதிரையில் ஏதோ ஊதாவாய்த் தொங்க
இறங்கி ஓடினோம்;
அறுந்த பட்டத்தின் வால்.

மாட்டுக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.
"என்னகா, மாடு துலைஞ்சிட்டா?"
"பூ."
"மேலயா?"
அவரும் அண்ணாந்தார்.
கொஞ்ச நேரம் மூன்று கழுத்தும் வலித்தன.

தும்பி றிப்கானின் பங்கு.
கொப்பியில் எழுதுகிறான்:
சிவப்பு ஒன்பது, நீலம் நாலு,
பேர் தெரியாதது ஒன்று.
அது யானைவேலிக் கம்பியில் இருந்தது.
கொம்பன் கிறுகிப் போகும் மின்சாரத்தில்
வால் தூக்கி,
நாலு சிறகிலும் வெயில் மட்டும் ஏற.

கமெராவோடு அவன் ஒரு எட்டு வைக்க
எழும்பி, வேலிக்கப்பால்
ஒரு வீரைமரத்தடிக்குப் போயிற்று.
அங்கே கவட்டில்
தடித்த வெள்ளை வேர்,
வார்போல நாலைந்து இலை,
காய்ந்த பூந்தண்டு ஒன்று.
பத்து நாள் பிந்திவிட்டோம்.

"இதுவா?" மாட்டுக்காரர் சிரித்தார்.
"எங்கட பட்டியடி மரமெல்லாம் கிடக்கு.
இதுக்குப் பேரும் இருக்காகா?"

றிப்கான் என்னைப் பார்த்தான்.
நான் தும்பியைப் பார்த்தேன்.