நான்கு பை பனிக்கட்டி

வெளியே மைனஸ் பதினொன்று.
வண்டி நிறுத்துமிடம் முழுக்க
இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது பனி.
ஆனாலும் இந்தப் பனெவெஜிஸ் நகரில் ஒருவன்,
ஆட்டம் முடிந்த இரவில்,
நான்கு பை பனிக்கட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறான்.

இரண்டாம் கவுண்டர். என்னுடையது.
நிமிர்ந்து பார்க்காமலே தெரியும்.
அந்த இடது கைச் சுண்டுவிரல்
க்ளைபெடாக்காரர்களோடு ஆடிய மழைநாளில் கோணியது,
மூன்று வருடமாகக் கோணியபடியே நிற்கிறது.

மந்த்விதாஸ் ஸ்குர்தேனிஸ். முப்பத்தொன்று.
(சட்டை எண்ணைச் சொன்னேன். வயது முப்பத்து நான்கு.)

இன்று எனக்கு இரவுப் பணி.
சில்லறைப் பெட்டிக்கு அடியில் போனை ஒளித்து
ஆட்டத்தை வானொலியில் கேட்டேன்.
நாற்பது நிமிடத்தில் அறிவிப்பாளர்
அவன் பெயரைச் சொன்னது இரண்டு முறை.
இரண்டும் ஃபவுல்.

ஆனால் எனக்குப் பழக்கம்.
பெயர் வராத இடத்தில் அவனைக் கேட்கத் தெரியும்.
"அமெரிக்கன் திடீரென்று தனியாக நிற்கிறான், எறிகிறான், விழுந்தது!"
என்று அவர் கத்தும்போது
அந்தத் திடீரென்று இருக்கிறதே,
அதுதான் அவன்.
எங்கோ ஒரு முரட்டுத் தோள்
அவன் விலா எலும்பில் வந்து மோதியிருக்கும்.
கதவு நிலைபோல அசையாமல் நின்றிருப்பான்.
மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்த பிள்ளை
அந்த நிலை வழியாகப் புகுந்து போயிருப்பான்.

"அந்தத் தடியனிடம் அப்படி என்னடி இருக்கிறது?"
மூன்றாம் கவுண்டர் யூர்கிதா கேட்பாள்.
பதில் சொல்ல முயன்றதுண்டு.
பந்து வேறெங்கோ இருக்கும்போது
அவன் பாதத்தை மட்டும் பார் என்றேன்.
ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.
அவள் பாப்கார்னைப் பார்த்தாள்.

சீசன் கடைசியில் பாதி விலைக்குத் தள்ளினார்கள் அவன் சட்டையை.
கூடையில் அந்த எண் மட்டுமே மிச்சம்.
என் முழங்கால் வரை வருகிறது.
அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்,
எழுதிவிட்டேன், இனி அழிப்பதற்கில்லை.

நான்கு பை பனிக்கட்டி.
ஒரு கருப்பு ரொட்டி.
சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி ஒன்று,
பள்ளிப் பிள்ளைகள் வாங்குவது.
இரண்டு முட்டிக்கு இரண்டு பை சரி,
மீதி இரண்டும் எங்கே என்று
மனம் அவன் உடம்பு முழுக்கத் தடவிப் பார்க்கிறது.
இடுப்பா? அந்த விலாவா?

சொல்ல ஏழு வருடத்துப் பேச்சு இருந்தது.
வாய் திறந்தால் வந்தது:
"கடை அட்டை இருக்கிறதா?"

"இல்லை."
குரல் இவ்வளவு மெல்லியது என்று தெரியாது.

என் அட்டையை எடுத்துத் தேய்த்தேன்.
பதினொரு யூரோ நாற்பது. பதினொரு புள்ளி.
ஒரே ஆட்டத்தில் அவன் எடுத்த அதிகபட்சம் ஒன்பது.
இன்றாவது உனக்குப் பதினொன்று, என்று
உள்ளுக்குள் எழுந்து நின்று கைதட்டினேன்.

பின்னால் நின்றவர் கோட்டுக்குள்
அமெரிக்கனின் சட்டை.
"யார் இந்த நெட்டையன்? வழியை மறிக்கிறான்" என்றார்.
ஆமாம், அதுதான் அவன் தொழில் என்று நான் சொல்லவில்லை.
எட்டு மணிக்கு மேல் பீர் தர முடியாது என்றேன்.

கண்ணாடிக்கு வெளியே
பைகளைக் காரின் கூரையில் வைத்துவிட்டு
பனியில் நின்றபடி தயிர்க்கட்டியை
இரண்டே கடியில் தின்றான்.
காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

கல்லாவை மூடும்போதுதான் ரசீதைப் பார்த்தேன்.
பதினொரு புள்ளியும் என் கணக்கில்.
அட்டை என்னுடையது அல்லவா,
வேறெங்கே போகும்?

மோதியது யாரோ,
புகுந்து போனது நான்.