பின் இடது சக்கரத்திலிருந்து

வனத்துறை ஏலத்தில் எடுத்த ஜீப்.
வெள்ளைப் பெயிண்டுக்குக் கீழே இன்னும் பச்சை.
தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும்போது
மூன்று நாளாக இடப்பக்கம் இழுக்கிறது.
டயர் என்றார் ஒருவர்,
ஸ்டியரிங் பாக்ஸ் என்றார் டீக்கடையில் இன்னொருவர்.
இறங்கி, முன் இடது டிரம்மில்
எச்சில் தொட்டு வைத்தேன்.
சொய்ங்.
வலதில் வெறும் வெயில் சூடு.

ஹோஸைப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது.
துணியால் துடைக்கக் கறுப்பாக மின்னுகிறது.
விரலால் மடக்கினபோதுதான்
குதிகால் பித்தவெடிப்பு.
அதுகூடப் பெரிதில்லை.
உள்ளே ரப்பர் ஊதி அடைத்திருக்கிறது:
மிதித்தால் அழுத்தம் போகிறது,
விட்டால் திரும்புவதில்லை.
பிடித்தது பிடித்தபடி
சக்கரம் வெந்துகொண்டே ஓடியிருக்கிறது
நாற்பது கிரேடு தக்காளியையும் என்னையும் சுமந்து.

ஓசூர்க் கடையில் மூன்று கேட்டேன்.
முன்னுக்கு இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று.
"ஒண்ணுதானேம்மா போச்சு?"
மூன்றுக்கும் ஒரே வயசு, என்றேன்.
செம்பு வாஷரும் புதுசு கொடுங்கள்,
நசுங்கின வாஷர் இரண்டாம் தடவை நசுங்காது.

துருவைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்ப்ரே அடித்து, காத்திருந்து
முதலில் இரும்புக் குழாயின் நட்டு,
அப்புறம் கிளிப்,
அப்புறம்தான் ஹோஸ்.
வரிசை தப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளும்.
வலது நட்டு வரமாட்டேன் என்றது.
திட்டினேன். அது என் அப்பா பெயருள்ள திட்டு,
வேறு யாரும் கேட்கவில்லை.
முழங்கை வரை வழிந்தது பிரேக் ஆயில்.
பம்பரில் சொட்டின இடத்தில்
வெள்ளை உரிந்து பச்சை வந்தது.

புதுசு மூன்றும் மாட்டியாயிற்று.
ஸ்டியரிங்கை இந்தக் கோடி, அந்தக் கோடி திருப்பிப் பார்த்தேன்.
டயரில் உரசவில்லை.
கொஞ்சம் தொய்வு உண்டு, முறுக்கு இல்லை.
இனிக் காற்று எடுக்க வேண்டும்.
அதற்கு இரண்டு பேர்.

பஞ்சர்கடைப் பையனிடம் சொல்லி அனுப்பினேன்:
ஒரு கால் வேண்டும், அரை மணி நேரத்துக்கு.

சென்னகேசவன் வந்தான்.
புளியமரக் குத்தகைக் கணக்கில் பதினெட்டாயிரம்
அவன் எண்ணினது வேறு, நான் எண்ணினது வேறு.
மாசியிலிருந்து பேச்சில்லை. இது ஆடி.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
யார் வீட்டுக்குள்ளோ நுழைகிறவன் போல
டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்திலிருப்பது
பின் இடது சக்கரம்.
அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.
மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னேன்:

அமுக்கு.
அமுக்கு.
இன்னொரு தடவை.
பிடி.

பதில் இல்லை.
என் தலைக்கு மேல் தகரத்தில்
குதிகாலால் ஒரு தட்டு.
நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
பாட்டிலுக்குள் குழாய் கொப்பளித்தது,
மோர் கடையும்போது வருமே, அந்த நுரை.
மூடினேன்.
விடு.

நான் மூடுவதற்கு முன் அவன் விட்டால்
வெளிக்காற்று உள்ளே போய்விடும்,
அத்தனையும் வீண்.
நாலு சக்கரத்துக்கு முப்பது தடவையாவது இருக்கும்.
ஒரு தடவையும் விடவில்லை.

முன் வலதில் கடைசிக் குமிழி
கடுகளவு, தயங்கித் தயங்கி வந்தது.
பின்னால் வெறும் ஆயில், தேன் நிறத்தில்.
மேலே பெடல் அமுங்கும் சத்தம்
பாதியில் நின்றது.

"கல்லு மாதிரி இருக்குதுக்கா."

ம், என்றேன்.
பதினெட்டாயிரத்தைப் பற்றி அவனும் எடுக்கவில்லை.
செருப்பைத் தேடினான்; ஒன்று என் முதுகுக்கடியில் இருந்தது.

ராத்திரி வண்டிக்கடியில் அட்டைப்பெட்டி பிரித்துப் போட்டேன்.
விடிந்து போய்ப் பார்த்தால்
நடுவில் ஒரு சொட்டு.
நெஞ்சு திக்கென்றது.
தொட்டு முகர்ந்தேன்.
என்ஜின் ஆயில்.
அது பழைய சமாச்சாரம்.