சில்லறை

முதலில் தவறியது ஒரு சாண் உயரம்.
ஹீட்டருக்கு மேலே ஜன்னல் விளிம்பு,
இரண்டு வருடமாகத் தூக்கக் கலக்கத்திலும் ஏறிய இடம்.
அன்றைக்கு முன்னங்கால்கள் பிடித்தன,
பின்னங்கால்கள் வரவில்லை.
விழுந்து எழும்பி,
விழவே இல்லை என்பதுபோல்
வயிற்றை நக்கத் தொடங்கியது.
நானும் பார்க்கவில்லை என்பதுபோல்
வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால்
கிடைத்த பூனை.
கையிலிருந்த காசு கொட்டுப்பட,
உருண்ட ஒன்றைத் துரத்திக்கொண்டு வந்தது.
சில்லறை என்று பெயர் வைத்தவன் கேதாரன்.
வாடகையில் பாதி, பூனையில் பாதி என்பான்.
போன மார்கழியில் எட்மண்டனில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.
எந்தப் பாதி அவனுடையது என்று
நாங்கள் கதைத்ததில்லை.

ஒரு கிழமைக்குள் குதிக்கால் நிலத்தில் அழுந்த நடந்தது,
அப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்ட பிள்ளைபோல.

டொக்டர் லபோர்ட் பிரெஞ்சில் லூகோஸ் என்றார்.
எனக்குக் குளுக்கோஸ் என்று கேட்டது.
சீனி வருத்தமா, ஊசி போடலாம்,
எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இருக்கிறது என்றேன்,
சந்தோஷமாக.
அவர் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு
ஆங்கிலத்துக்கு மாறினார்.
கதிரை இழுபட்டபோதே விளங்கிவிட்டது.

இரத்தத்தில் ஒரு வைரஸ்.
தாயிடமிருந்தோ, எந்தத் தெருப்பூனையின் எச்சிலிலிருந்தோ.
இப்போது முள்ளந்தண்டில் கடலையளவு கட்டி,
நரம்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது.
மனிதருக்குத் தொற்றாது என்றார்,
நான் கேட்காமலே.

பிறகு பின்பாதம் ஒன்றை மடக்கி
மேற்புறம் மேசையில் படும்படி வைத்தார்.
சுகமான பூனை உடனே திருப்பி வைக்குமாம்.
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
சில்லறை அவருடைய பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பாதம் அப்படியே கிடந்தது,
பஸ்ஸில் யாரோ விட்டுப்போன கையுறை மாதிரி.

விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிவிட்டு
விடிய நாலு மணிக்கு வருவேன்.
வளைந்த இரும்புப் படியில் உறைபனி,
கம்பியைப் பிடித்துப் பிடித்து மூன்றாம் மாடி.
உள்ளே வழுக்கும் தரை முழுக்க
யோகா பாயை வெட்டிப் பரப்பியிருக்கிறேன்,
கட்டிலிலிருந்து மண்சட்டி வரைக்கும் ஒரு நீல ரோட்டு.
மீனுக்குள் குளிசை. மீனைத் தின்று குளிசையைத் துப்பும்.
இன்னொரு மீன்.
வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால்
முன்பக்கம் ராஜா மாதிரிப் போகும்.
பிறகு அடிவயிற்றை மெல்ல அமத்த வேண்டும்,
மூத்திரம் தானாக வராது.
இதையெல்லாம் செய்யத் தெரிந்தவன் என்று
என்னைப் பற்றி நான் நினைத்ததில்லை.

ஒன்பதாம் நாள் இடது பாதத்தைத் திருப்பி வைத்தது.
கேதாரனை எழுப்பிச் சொன்னேன், அங்கே இரண்டு மணி.
அழுதான் என்று நினைக்கிறேன், அல்லது தடிமன்.
பதினேழாம் நாள் திரும்பவும் எடுத்தபோது
கனநேரம் பேசாமலிருந்து,
"என்ர பாதிதான் பழுதாப்போச்சு போல" என்றான்.

முடிவெடுக்காதவனை மதில்மேல் பூனை என்பார்கள்.
இந்த வீட்டில் மதில்மேல் இருப்பது நான்.
பூனை கீழே, நீலப் பாயில்,
எந்தப் பக்கம் என்று கேட்காமல் படுத்திருக்கிறது.
ஒருமுறை போன் பண்ணி ரத்துச் செய்தேன்.
வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்று
திரும்பவும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு ஒரு காசை உருட்டிவிட்டேன்.
காது நிமிர்ந்தது. இரண்டு கையால் இழுத்து இழுத்துப் போய்
குளிர்சாதனப் பெட்டியடியில் அமுக்கிப் பிடித்தது.
பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது,
மிச்சம் வந்து சேரட்டும் என்பதுபோல.

கிட்டப் போய் இருந்தேன்.
வலது பாதம் மடங்கிக் கிடந்தது.
நான் திருப்பி வைத்தேன்.