நாலு விரல் இடைவெளி

அந்த அம்மாவுக்கு கிரில்லில் தாமரை வேண்டுமாம்.
திருவொற்றியூர், ஏழாவது மாடி, கடல் காற்று.
போனில் படம் காட்டுகிறார்:
இதழ்மேல் இதழ், குறுக்கே வளைந்தோடும் கொடி.
அழகுதான்.
அவர் பையனுக்கு மூன்று வயதிருக்கும்,
என் கருவிப் பையில் ஏறி நின்று
ஜன்னல் திட்டில் ஒரு முட்டியை வைத்தாயிற்று.

குறுக்குக் கம்பி வேண்டாம்மா என்றேன்.
நமக்கு அது டிசைன்,
இவனுக்குப் படிக்கட்டு.
நேர்க்கம்பி போடுங்க. நாலு விரல் இடைவெளி.
கட்டை விரலை மடக்கிக் காட்டினேன்.
அந்த சோபாவையும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்க.

தாமரைக்குக் கூலி அதிகம்.
வேண்டாமென்கிற வெல்டரை
அவர் பார்த்ததில்லை போல.

ரூபனைப் பற்றி நான் சொல்லவில்லை.
காசிமேட்டில் எங்கள் மொட்டை மாடி,
காத்தாடியை அண்ணாந்து பார்த்தபடி
பின்னால், பின்னால் நடந்த கால்,
முழங்கால் உயரச் சுவர்.
கீழே வலை குவித்திருந்ததால் பிழைத்தான்.
இப்போது பந்தை
இடது காலால் மட்டும் உதைக்கிறான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஜெசிந்தாவின் செருப்பு.
வலது கால் நுனி மட்டும் தேய்ந்து
அப்பளம் மாதிரி.
வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.
கீழே போய் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
பிரேக் கட்டை இருந்த இடத்தில் வெறும் இரும்பு.
கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில்
இத்தனை நாள்
ஒரு ரப்பர் செருப்புதான்
என் மகளை நிறுத்தியிருக்கிறது.

ஊரெல்லாம் இடைவெளி அளக்கிறவன்.

இரவே கட்டை மாற்றினேன், பெல்லும்.
ஹெல்மெட் என்றதும் சிரித்தாள்.
சைக்கிளுக்கா? கிளாஸே ஓட்டும்பா.
பிறகு என் கண்ணைப் பார்த்தாள்,
உருளைக்கிழங்கு வில்லை வைத்துப் படுத்தும்
சிவப்பு இறங்காத கண்.
நீ மட்டும் முகமூடி இல்லாம வெல்டிங் வைக்கலாமா?

பரணிலிருந்து எடுத்தேன்.
உள்ளே கரப்பான் முட்டை. தட்டினேன்.

காலையில் அவள் தாடைக்கு அடியில் வாரை மாட்டி
நடுவில் விரல் விட்டுப் பார்த்தேன்.
ஒன்று நுழைந்தது. இரண்டு, திணறித்தான்.
போதும்.
தெருமுனையில் யாரோ கிண்டலடித்தது கேட்டது.
கழற்றுகிறாளா என்று பார்த்தேன்,
அதற்குள் ஒரு மீன் வண்டி மறைத்துவிட்டது.

பத்து மணிக்குத் தாமரை அம்மா போன்.
நேர்க்கம்பியே இருக்கட்டுமாம்.
ஆனால் மேலே, ஓரத்தில்,
பையன் கை எட்டாத உயரத்தில்
ஒரே ஒரு பூ
வைக்க முடியுமா என்கிறார்.