நாலு வரி நோட்டு

சனிக்கிழமை எனக்கு விடுமுறை.
நாகர்கோவிலில் ஆடிட்டர் வேலப்பன் அரைநாள் இருப்பார்.
அந்த அரைநாளைப் பிடிக்க
இரவு ஷிப்ட் முடிந்தும் தூங்காமல்
மங்காஃபில், மூன்றாம் மாடி அறையில், காலை ஏழரைக்குக்
கட்டிலில் காகிதங்களைப் பரப்புகிறேன்.
மற்ற மூன்று கட்டில்களும் குறட்டை விடுகின்றன.

என் வேலை டயாலிசிஸ்.
நாலு மணி நேரம் ஒருவர் ரத்தம்
வெளியே வந்து சுற்றிவிட்டு வீடு திரும்பும்.
எவ்வளவு நீர் எடுப்பது என்று
முன்பே எண்ணைத் தட்ட வேண்டும்.
கூட எடுத்தால் கெண்டைக்கால் இழுக்கும்,
குறைத்தால் மூச்சு முட்டும்.
பிடித்தம் என்ற சொல்
இந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுதான் எனக்கு விளங்கியது.

இந்த நாடு சம்பளத்தில் பிடிப்பதில்லை.
முழு தினாரும் கைக்கு வரும்.
கை சூடாகுமுன்
எக்ஸ்சேஞ்ச் கண்ணாடிக்கு அடியில் போய்விடும்.

ஊரில் இரண்டு கணக்கு.
என்.ஆர்.ஈ.யில் வட்டிக்கு வரி இல்லை. அது ஜெஸ்லினின் கல்லூரி.
என்.ஆர்.ஓ.வில் மாடி வாடகை விழும்;
அதன் வட்டியில் முப்பது சொச்சம் சதவீதத்தை
முளையிலேயே கிள்ளிவிடுவார்கள்.
அது கூரை ஒழுகினால்.

முன்பொருமுறை கேட்டேன்:
பிள்ளை பேரில் போட்டுவிட்டால் வரி மிச்சமாகாதா?
வேலப்பன் சிரித்தார்.
"பதினெட்டு வயசு வரை அவ வட்டி
பெத்தவங்க வருமானத்தோடதான் சேரும்.
கிறிஸ்துதாஸ் கடையில ஜெராக்ஸ் காசுதானே.
கூடுதல் வருமானம் உங்களுக்கு,
அதனால உங்களோட சேரும்."

அன்று அதை அறையில் யாரிடமும் சொல்லவில்லை.
பதின்மூன்று வருடத்தில்
அவளை என்னோடு சேர்த்துவைத்தது
வருமான வரிச் சட்டம் மட்டும்தான்.

நான் விமானம் ஏறியபோது அவளுக்கு நாலு வயது.
நாலு வரி நோட்டில் சின்ன 'g' எழுதிக்கொண்டிருந்தாள்.
வால் கீழ்வரியைத் தாண்டி
அடுத்த எழுத்தின் தலையில் போய் முட்டும்.
"வரிக்குள்ள எழுது மக்களே" என்றேன்.
கடைசியாகச் சொன்னது அதுதானா,
பால் குடி என்றதா,
இப்போது உறுதியாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு லீவிலும் அவள் கேட்பாள், எப்போ வருவே?
நான் சொல்வேன்:
நிரந்தரமாக வந்துவிட்டால்
என்.ஆர்.ஈ. வட்டிக்கும் வரி போடுவார்கள்,
உன் ஃபீஸில் ஓட்டை விழும்.
சின்னப் பிள்ளைக்குப் பூச்சாண்டி,
பெரிய பிள்ளைக்கு வருமான வரி.
அவளும் நம்பினாள். நானும்.

இந்தச் சனிக்கிழமை,
பிளஸ் டூ முடிகிறதே, ஆர்க்கிடெக்சர் ஐந்து வருடமாச்சே என்று
முதன்முறையாக நேராகக் கேட்டேன்:
வந்துவிட்டால் எவ்வளவு வரி வரும்?

கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது.
பின்னால் யாரோ டீ வைத்துவிட்டுப் போனார்கள்.
"நீங்க இங்க வந்தா சம்பளம் ஏது?
இந்த வட்டியும் வாடகையும்தானே.
வரம்புக்குள்ள வந்துரும்மா.
வரியே வராது."

வரியே வராது.

நன்றி சொன்னேன். ஃபீஸ் எவ்வளவு என்றேன்.
அவர் வேண்டாம் என்றார், பிறகு ஐந்நூறு என்றார்.

ஏசியின் சொட்டு வாளியில் விழுகிறது.
சம்பளம் நின்றால்
ஐந்து வருடமும் தாங்குமா என்று ஒரு கணக்கு போட்டேன்;
மூன்றாம் வருடம் வரை தாங்குகிறது.
இன்னொரு கணக்கு போடவில்லை:
எழுந்ததும் யார் முகமென்று
பழகாத ஒரு வீட்டில்
நான் எந்த அறையில் படுப்பேன் என்று.

ஜெஸ்லின் குரல் அனுப்பியிருக்கிறாள்.
பதினோரு விநாடி.
"ஆடிட்டர் மாமா என்ன சொன்னாரு?"

அவளுக்குப் பதினெட்டு ஆக
இன்னும் நாற்பத்தாறு நாள்.
அதற்குப் பிறகு அவள் வட்டி அவளுடையது.

மைக்கை அழுத்திப் பிடித்திருக்கிறேன்.
சிவப்புப் புள்ளி ஓடுகிறது, விநாடி ஏறுகிறது.
பக்கத்துக் கட்டிலின் குறட்டைதான்
இதுவரை பதிவாகியிருக்கிறது.